இணையாள் தேடிய படலம்

மண்டலச் சமநிலை வாரியத்தின் வாசலில், காவலாளியின் கூண்டுக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு மடக்கு மேசையைப் போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். எனக்கும் வாரியத்துக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் அது நடக்கிற லட்சணத்தால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஒரு மனுவுக்கு ஒரே தடவையில் பதில் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அங்கே ஒருவருக்கும் இல்லை. ஒரு மனு போனால் மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் தனித்தனியாக விளக்க மனு போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசுவது உண்ட வீட்டுக்கு இரண்டகம்தான். ஆனாலும் மூணாந்தொட்டியின் விஷயத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் ஊர் நிலவரம். ரயில் பாதைக்கு மேற்கே இருப்பது மேற்கு மண்டலம், கிழக்கே கிழக்கு மண்டலம். ஆலைகள் எல்லாம் முன்பு மேற்கில்தான் இருந்தன. பிறகு மேற்கு மண்டலத்துக்காரர்களுக்குத் தங்களுக்கு மூக்கு என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. சாயப்பட்டறை நாறுகிறது என்றார்கள், அது கிழக்கே வந்தது. பழைய பேட்டரி உடைக்கும் இடம் இருமலைக் கொடுக்கிறது என்றார்கள், அதுவும் வந்தது. கடைசியாக முலாம் பட்டறை வந்து சேர்ந்தது. இதற்குத் தொழில் பரவலாக்கம் என்று பெயர்.

ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் அதை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவெடுத்து முலாம் பூசுகிறார்கள். கூலி நாளுக்கு நானூறு. அதே ஹேண்டில்பார் லாரியேறி மேற்கே போகிறது. அங்கே அதை மெத்தென்ற துணியால் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைக்கிறார்கள். சம்பளம் நாளுக்கு ஆயிரத்து நூறு, மதியச் சாப்பாடு தனி.

இந்த வித்தியாசத்தை ஒழிக்கப் பிறந்ததுதான் வாரியம். அதற்காக மேற்கிலிருந்து அறுபத்து நான்கு அதிகாரிகள் கிழக்கில் வந்து இறங்கினார்கள். பின்தங்கிய பகுதியில் காலம் தள்ளும் கஷ்டத்துக்காக அவர்களுக்கு இடர்ப்படி என்று ஒரு தொகை உண்டு. கிழக்கிலேயே பிறந்தவர்களுக்கு அது கிடையாது, பழகியவர்களுக்கு ஏது இடர்? வாரியத்தின் வரவேற்பறையில் கிழக்கு மண்டலத்தின் சராசரி வருமானத்தைக் காட்டும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்து, ஒரு மாதத்தில் திடீரென்று கூரைக்கு ஏறுகிறது. அந்த மாதத்தில்தான் அதிகாரிகள் வந்து சம்பளம் வாங்க ஆரம்பித்தார்கள். அவர்களும் கிழக்கில் வசிப்பவர்கள்தானே, கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இந்த வாரியம்தான் சமன்படித் திட்டத்தை அறிவித்தது. கிழக்கில் ஒருவர் செய்யும் வேலையையே மேற்கில் ஒருவர் செய்து, மேற்கத்தியவருக்குக் கூடுதல் சம்பளம் என்றால், அந்த வித்தியாசத்தை வாரியம் கிழக்குக்காரருக்கு மாதாமாதம் கொடுக்கும். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. அறிவிப்பு வந்த மறுநாள் காலை மூணாந்தொட்டி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் முலாம் பட்டறையில் பதினெட்டு வருஷமாக மூன்றாவது ஆசிட் தொட்டியில் நிற்பதால் வீட்டுக்காரர் உட்பட எல்லாருக்கும் அவள் மூணாந்தொட்டிதான். விரல் நுனிகள் வெளுத்து, நகம் மஞ்சளித்து இருக்கும். பேச்சு மட்டும் துருப்பிடிக்காதது.

"அண்ணே, மக பன்னெண்டாவது முடிச்சிட்டா. லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கெடச்சிருக்கு. அடுத்த மாசம் முப்பதாந்தேதிக்குள்ள பணம் கட்டணும். இந்தச் சமன்படி வந்துச்சுன்னா கட்டிடுவேன்."

"வரலைன்னா?"

"அஞ்சாந்தொட்டி காலியா இருக்காம். 'பாப்பாவக் கூட்டிட்டு வந்துடு'ன்னு முதலாளி ரெண்டு தடவ சொல்லிட்டாரு. நான் ஒருத்தி வெந்தது போதும்ணே. அவ அந்தப் படி ஏறக் கூடாது."

மனுப் படிவத்தில் பணி விவரம் என்று ஒரு கட்டம். என்ன வேலை என்று கேட்டேன். சொன்னாள். ஹேண்டில்பார்களைக் கொக்கியில் மாட்டி ஆசிட்டில் இறக்குவது. துரு கரைகிற வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். இரும்பு வெளியே தெரிந்ததும் மேலெல்லாம் ஒரே சீராகப் பொடிக்குமிழி பூக்கும். அந்த நொடியில் தூக்கிவிட வேண்டும். முந்தினால் முலாம் உரிந்து வரும், பிந்தினால் இரும்பு அரித்துக் குழி விழும். மணி பார்த்துச் செய்கிற வேலை இல்லை, ஆசிட் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. இவ்வளவையும் கேட்டு எழுதினேன். கட்டத்தில் இரண்டு அங்குலம்தான் இடம் விட்டிருந்தார்கள். "துரு நீக்குதல்" என்று சுருக்கினேன்.

அடுத்த கட்டம்தான் வில்லங்கம். "மேற்கு மண்டல இணையாளின் புகைப்படம், கையொப்பம்."

உள்ளே போனவள் அரை மணியில் திரும்பி வந்தாள். மறுபடி உள்ளே போனபோது துணைக்கு நானும் போனேன். பிரிவு அலுவலர் நல்ல மனிதர், யாரையும் தனியாக நிற்க வைத்துப் பேச மாட்டார். வருகிறவர்களுக்கு நாற்காலி இல்லாததால் தானும் எழுந்து நிற்பார்.

"ஏம்மா, ஒப்பிடறதுக்கு ஆள் வேணாமா? உனக்குக் கம்மின்னு சொல்றே. யாரை விடக் கம்மி? ஆளக் காட்டு."

"மேற்கால இருக்கிற எல்லாரை விடவும் கம்மிதான் சார்."

"அது பொறாமை. அதுக்குப் படிவம் கெடையாது. உன் வேலையவே செய்யற ஒருத்தரக் கூட்டிட்டு வா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மேற்கே பஸ் ஏறினாள். ஆசிட் தொட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே தெருத் தெருவாக நடந்தாள். பழைய முலாம் ஆலை இருந்த இடத்தில் புல்வெளி இருந்தது, அதில் தண்ணீர் சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த காவலாளி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாராம். "அந்தக் கருமத்தையெல்லாம் உங்க பக்கம் அனுப்பி இருபது வருஷமாச்சேம்மா. இங்க வந்து தேடுறியே" என்றாராம்.

கடைசியில் சைக்கிள் ஆலையின் வாசலில் ஒரு பெண்ணைப் பிடித்தாள். ஹேண்டில்பார் துடைக்கிறவள். அவள் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்த மூணாந்தொட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தாநாள் தானே தூக்கிய சரக்கு. ஒரே பொருளை இரண்டு பேரும் தொடுகிறார்கள், இதைவிட இணை வேறென்ன வேண்டும்? துடைக்கிறவளும் தங்கமான மனசுக்காரி. "நீங்க இல்லாட்டி நான் எதைத் துடைக்கிறது? குடுங்கக்கா" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த படத்தையும் ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

பிரிவு அலுவலர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. நீ செய்யறது அழுக்க எடுக்கறது. இவங்க செய்யறது பளபளப்பச் சேக்கறது. எடுக்கறதும் சேக்கறதும் ஒண்ணா? நேரெதிர் வேலை. உனக்கும் அவங்களுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது."

"நான் எடுக்கலைன்னா அவங்க எதுல சார் சேப்பாங்க?"

"அது தொழில்நுட்பக் கேள்வி. தனி மனுவாப் போடு."

போட்டோம். அந்த வகையில் மொத்தம் ஒன்பது மனு. எனக்கு நல்ல வரும்படி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதி நகர நகர அவளிடம் காசுக்குக் கை நீட்ட எனக்கே கூச்சமாகிவிட்டது. கடைசி மூன்று மனுவுக்குக் காசு வாங்கவில்லை. வாங்கவில்லை என்று இங்கே எழுதிவைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒன்பதாவது மனு யாரோ ஒருவருடைய மனசாட்சியைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது தவறான மேசையில் விழுந்திருக்க வேண்டும். வாரியம் ஏழு பேர் கொண்ட நிபுணர் குழு அமைத்தது. கிழக்கில் இருபத்து மூன்று தொட்டிக்காரிகள் இணையாள் இல்லாமல் தவிக்க விடுவது மனிதாபிமானமற்ற செயல் என்று குழு கண்டுபிடித்தது. இணையாள் இல்லையென்றால் நாமே ஒருவரை உண்டாக்குவோம் என்று தீர்மானம் போட்டார்கள். மேற்கில் உள்ள வாரியத் தலைமையகத்தின் முதல் மாடியில் ஒரு மாதிரித் தொட்டி கட்டப்பட்டது. கண்ணாடித் தடுப்பு, குளிர்சாதனம், நிற்பதற்கு ரப்பர் விரிப்பு. அதற்கு ஒரு மாதிரி இணையாளும் நியமிக்கப்பட்டார். நாடு முழுவதும் சல்லடை போட்டுச் சலித்ததில், அதற்கு வேண்டிய தகுதிகள் எல்லாம் வாரியத் தலைவருடைய மச்சானிடம் மட்டுமே இருந்தது தெரியவந்தது. சம்பளம் நாளுக்கு ஆயிரத்து நானூறு.

மச்சானுக்கு வேலை சொல்லிக் கொடுக்க மூணாந்தொட்டியையே வரவழைத்தார்கள். போய் வந்து சொன்னாள்.

"அண்ணே, அந்தத் தொட்டியில இருக்கிறது வெறும் பச்சைத் தண்ணி."

"ஆசிட் ஊத்தலையா?"

"மேற்கால ஆசிட் வச்சுக்க சட்டம் எடம் தராதாம். உடம்புக்கு ஆகாதாம். அந்தத் தம்பி ஹேண்டில்பாரத் தண்ணியில முக்கறாரு, எடுக்கறாரு, தொடைக்கறாரு. துரு அப்படியே இருக்கு. 'எப்ப தூக்கணும்?'னு கேட்டாரு. 'பசிச்சாத் தூக்குங்க'ன்னேன். எழுதிக்கிட்டாரு."

இருபத்து நான்காம் தேதி ஆகிவிட்டது, கல்லூரிக்குப் பணம் கட்ட இன்னும் ஆறு நாள்தான். எப்படியோ இணையாள் வந்துவிட்டார், இனி ஒப்பிடுவதுதான் பாக்கி என்று நாங்கள் வாய் பிளந்து காத்திருந்தோம். குழுவும் ஒப்பிட்டது. கிழக்குத் தொட்டியில் ஒருவர் ஒரு நாளில் சுத்தம் செய்த ஹேண்டில்பார்கள் அறுநூறு. மேற்குத் தொட்டியில் பூஜ்யம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உற்பத்தியில் கிழக்கு எங்கேயோ முந்திப் போய்விட்டது, மேற்கு பரிதாபமாகப் பின்தங்கிக் கிடக்கிறது, இந்த ஏற்றத்தாழ்வை உடனே சரிசெய்தாக வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. பின்தங்கியவருக்குத்தானே சமன்படி? நாட்டின் முதல் சமன்படி மச்சானுக்கு அனுமதிக்கப்பட்டது.

இருபத்தைந்தாம் தேதி எங்கள் கிழக்கு வாரியக் கட்டடத்திலேயே விழா. இருபத்து மூன்று தொட்டிக்காரிகளும் அழைக்கப்பட்டு, பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஆசிட் வாடை வரும் என்பதால் அவர்களுக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஆறு வரிசை காலியாக விடப்பட்டது. மச்சான் பூங்கொத்தோடு மேடையில் இருந்தார். தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"ஏற்றத்தாழ்வ ஒழிக்கறதுக்கு நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. மொத வருஷம், ஏற்றத்தாழ்வுன்னா என்னன்னு முடிவு பண்ண பதினாலு கூட்டம் போட்டோம். ரெண்டாவது வருஷம், கூட்டம் போட ஒரு கட்டடம் கட்டினோம். மூணாவது வருஷம் அதுக்கு ஏசி போட்டோம். ஏன்னா வேர்த்துக்கிட்டே ஏற்றத்தாழ்வப் பத்தி யோசிச்சா கோபம் வருது. கோபத்துல முடிவு எடுக்கக் கூடாது. ஏசி போட்ட பெறகு எங்க யாருக்கும் கோபமே வந்ததில்ல."

கைதட்டல்.

"என் மச்சானுக்குக் குடுத்துட்டேன்னு சிலர் பேசுவாங்க. நான் கேக்கறேன், பின்தங்கினவங்கள முன்னேத்தறது தப்பா? அவரு சின்ன வயசுலேர்ந்தே பின்தங்கினவர். வீட்டுல கேட்டுப் பாருங்க."

மச்சான் தலையாட்டினார். பிறகு தலைவரின் பார்வை பின்வரிசைக்கு வந்தது.

"தொட்டிச் சகோதரிகளே! உங்களுக்கு நாங்க எதுவும் தரலைன்னு நெனைக்காதீங்க. ஒருத்தர இன்னொருத்தரோட ஒப்பிட்டாத்தான் ஏற்றத்தாழ்வு. உங்கள ஒப்பிட இந்த நாட்டுல ஆளே கெடையாதுன்னு எங்க குழு ஆறு லட்சம் செலவு பண்ணி நிரூபிச்சிருக்கு. அப்படிப் பாத்தா முழுச் சமத்துவம் அடைஞ்ச மொத தொழில் உங்க தொழில்தான். அதுக்கு அத்தாட்சியா ஆளுக்கு ஒரு சான்றிதழ்."

இருபத்து மூன்று பேருக்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வெளியே வந்த மூணாந்தொட்டி சட்டத்தை என் மேசைமேல் தொப்பென்று வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அழுகையா ஆத்திரமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"இது எதுக்கு ஆகும்ணே? சுவத்துல மாட்டறதுக்கா? மாட்ட ஆணி வாங்கணும். என்னதான் எழுதியிருக்கான், படிங்க."

படித்தேன். "ஆசிட் தொட்டியில் துரு நீக்கும் பணியைச் செய்பவர்கள் கீழ்க்கண்ட இருபத்து மூன்று பேர் மட்டுமே என்றும், இப்பணியைச் செய்யத் தெரிந்த வேறொருவர் இரு மண்டலங்களிலும் இல்லை என்றும் முறையாகத் தேடிப் பார்த்து இதனால் சான்றளிக்கப்படுகிறது."

"திரும்பப் படிங்க."

படித்தேன். அவள் சாலைப் பக்கம் திரும்பினாள். மற்ற தொட்டிக்காரிகள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் படிங்கண்ணே, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருபத்து மூன்று பேரும் பட்டறை வாசலில் நின்றார்கள், உள்ளே போகவில்லை. பதினெட்டு வருஷமாகக் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் முதலாளிக்கு ஒரே பதில்தான். அன்றைக்கும் அதையே சொன்னார்.

"வேணும்னா வேலையப் பாரு, இல்லேன்னா போ. வெளியில நூறு பேரு நிக்கறான்."

"நூறு பேரெல்லாம் இல்லைங்க. ஒருத்தரும் இல்லையாம். கவர்மெண்டே தேடிப் பாத்துட்டு எழுதிக் குடுத்திருக்கு" என்று சட்டத்தை நீட்டினாள் மூணாந்தொட்டி. "கையெழுத்து தலைவரோடது. வேணும்னா நீங்களே வச்சுக்குங்க, எங்ககிட்ட இன்னும் இருபத்து ரெண்டு இருக்கு."

முதலாளி சிரித்தார். சந்தையில் மூட்டை தூக்கும் பத்து ஆண்களைக் கூட்டி வந்து தொட்டியில் நிறுத்தினார். அவர்கள் கெட்டிக்காரர்கள், ஹேண்டில்பாரைத் தொட்டியில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அன்றைக்கு அரித்துப்போனது நாலாயிரம். மேற்கே போன லாரி அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் நாள் மேற்கில் துடைக்கிறவர்கள் துடைக்க எதுவும் இல்லாமல் வெறும் அட்டைப்பெட்டிகளைத் துடைத்துக்கொண்டு இருந்தார்களாம். சைக்கிள் ஆலையிலிருந்து முதலாளிக்கு வந்த போன் அழைப்புகளில் மரியாதை படிப்படியாகக் குறைந்தது.

மூன்றாம் நாள் முதலாளி வாரியத்துக்கு ஓடினார். அவர்களிடம்தான் ஓர் இணையாள் கைவசம் இருக்கிறாரே. வாரியத்தின் ஜீப்பில் மச்சான் வந்து இறங்கினார். வாசலில் உட்கார்ந்திருந்த இருபத்து மூன்று பேருக்கும் வணக்கம் சொன்னார், பழகத் தெரிந்தவர். உள்ளே போய்த் தொட்டியை எட்டிப் பார்த்து, "தண்ணி ஏன் பொகையுது?" என்று கேட்டார். ஒரு சொட்டு காற்சட்டையில் தெறித்துத் துணியில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை பெரிதாவதற்குள் அவர் ரயில் பாதையைத் தாண்டியிருந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி மாலை முதலாளி இறங்கி வந்தார். நீங்கள் கேட்கிற ஆயிரத்து நூறு தர மாட்டேன், நாளுக்கு எண்ணூறு தருகிறேன் என்றார். முழங்கை வரை கையுறை, புகை போக்க ஒரு மின்விசிறி, ஆளுக்கு ஒரு மாத முன்பணம். இதில் முன்பணத்துக்குத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. முப்பதாம் தேதி மூணாந்தொட்டியின் மகள் கல்லூரியில் பணம் கட்டினாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தாயாரின் தொழில் என்ற இடத்தில் இந்தத் தடவை சுருக்காமல் எழுதினேன். அந்தப் பெண் ரசீதை இரண்டாக மடித்து, திரும்பப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து மூணாந்தொட்டிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வாரியத்தின் முன் அனுமதி பெறாமல், உரிய படிவம் எதையும் பூர்த்தி செய்யாமல், இரு மண்டலங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைத் தன்னிச்சையாகக் குறைத்தது ஏன்? ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உரியது. இதனால் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வாரியம் குறைப்பதற்காக வைத்திருந்த ஏற்றத்தாழ்வில் நஷ்டம் ஏற்பட்டுள்ளது. பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும்.

நான் தாளை எடுத்து, வழக்கம்போல "மேன்மை தங்கிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு, அடியேன் பணிந்து சமர்ப்பிப்பது" என்று ஆரம்பித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேணாம்ணே, அடிச்சிடுங்க."

அடித்தேன்.

"எழுதுங்க. வெளக்கம் வேணும்னா காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. மூணாந்தொட்டியில என் பக்கத்துல ஒரு ஷிப்டு நிக்கட்டும். நின்னு முடிச்ச பெறகும் அதே கேள்வியக் கேட்டாங்கன்னா, பதில் சொல்றேன்."

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.